பித்தப்பைக் கல்லும் என் ஐம்பதாவது பிறந்தநாளும்

2023

ஆகஸ்ட் 3, வியாழன்

காலையிலிருந்து மழை. மழை பெய்தால் இந்த ஊருக்குச் சொபைபியா வேண்டும். பேருந்து நிலைய வாசலில் என் தள்ளுவண்டியைச் சுற்றி ஏழு மணிக்கே பத்துப் பேர். மாவை உருட்டி, தட்டி, காயும் கொழுப்பில் போட்டுப் பொரித்து, மிளகாய்ச் சட்னி தடவிக் கொடுத்து நிமிர்வதற்குள் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒன்று தின்றேன். ஒன்றே ஒன்று.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. முதலில் வலது விலாவுக்குக் கீழே ஒரு இறுக்கம். பிறகு யாரோ உள்ளே கையை விட்டுத் துணி பிழிவது போல. அப்படியே முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறியது. கொழுப்பு டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் காலுறை விற்கும் டெல்மிரா ஓடி வந்தாள்.

"ஈரல்தான்க்கா. போல்தோ எலயக் கொதிக்க வச்சுக் குடி, விட்டுடும்."

இந்த ஊரில் சாப்பிட்ட பிறகு எங்கே வலித்தாலும் அது ஈரல். எல்லா ஈரலுக்கும் போல்தோ இலை. என் வீட்டு வேலியிலேயே ஒரு மரம் நிற்கிறது. குடித்தேன். ஒரு மணி நேரத்தில் வலி விட்டது. இலையால் விட்டதா, விடுகிற நேரத்தில் தானாக விட்டதா, யார் கண்டது.

இந்த நோட்டை இன்றுதான் வாங்கினேன். கூடப்பிறந்த நோல்ஃபா அக்காவைத் தெமுகோ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது டாக்டர், "எப்பலேர்ந்து வலி?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், "எப்பவும்தான்" என்றாள். அதற்கப்புறம் நாற்பது நாள்தான் இருந்தாள். என்னை யாராவது கேட்டால் நான் தேதி சொல்லுவேன்.

ஆகஸ்ட் 4

இன்று இல்லை.

ஆகஸ்ட் 9, புதன்

மறுபடியும். பொரித்தது எதையும் தொடவில்லை. பாலாடைக் கட்டி ஒரு துண்டு மட்டும். அதுவும் கொழுப்புதான் என்பது வலி வந்த பிறகு உறைக்கிறது.

டெல்மிரா இப்போது இது ஈரல் இல்லை, பித்தப்பைக் கல் என்கிறாள். "ஈரல்னு நீதானடி சொன்ன?" என்றேன். "அது போன வாரம்" என்றாள். அவள் நாத்தனாருக்கும் இருந்ததாம். ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெய், ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு, குடித்துவிட்டு வலது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் காலையில் கல் தானாக வெளியே வந்துவிடுமாம். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம்.

கல் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்குப் போகிற வழியிலேயே எண்ணெயும் எலுமிச்சையும் வாங்கிக்கொண்டேன். அக்காவுக்கும் கல்லில்தான் தொடங்கியது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வந்துவிட்டது! பதினேழு. பச்சையாக, பட்டாணி அளவில், சில அதைவிடப் பெரிசு. எங்கே எப்படிப் பொறுக்கினேன் என்று எழுதப் போவதில்லை. கழுவி ஜாம் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஹெரிபெர்தோவிடம் காட்டினேன். "தூரக் கொண்டு போ கெழவி, சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்ல" என்றான். இருபத்தெட்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவனுக்கு இருக்கிற அக்கறை இவ்வளவுதான்.

மதியம் கொண்டாடிவிட்டேன். பன்றிக் கொழுப்பு வறுவல் வைத்துச் சுட்ட ரொட்டி, இரண்டு.

ஆகஸ்ட் 14, திங்கள்

நேற்று நாலு மணிக்கு வந்த வலியை எழுத எனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். பிள்ளை வலியில் நடுநடுவே மூச்சு விட இடம் உண்டு. இதில் இல்லை. வாந்தி, வியர்வை, தரையில் முழங்கால் போட்டுக் கட்டிலில் தலையை முட்டுகிறேன். ஹெரிபெர்தோ பக்கத்து வீட்டு வண்டியில் தூக்கிப் போட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனான். ஊசி போட்டார்கள். காலையில் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கட்டாயம் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

பாட்டிலோடு போனேன். டாக்டர் யுஸ்மாரி வெனிசுவேலாக்காரி, சின்ன வயசு, எல்லாரையும் ராசாத்தி என்பாள். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தது தெரிந்தது.

"இது கல்லு இல்ல ராசாத்தி. நீங்க குடிச்ச எண்ணெயும் எலுமிச்சையும் வயித்துக்குள்ள சேந்து சோப்பு ஆயிருக்கு. பதினேழு உருண்டை சோப்பு."

"அப்ப கல்லு?"

"இருந்தா, இருந்த எடத்துலயே இருக்கு. அவ்வளவு எண்ணெய்யக் குடிச்சு அதை நல்லா உசுப்பி விட்டிருக்கீங்க. மேல ரொட்டி வேற."

மனதுக்குள் முதலில் டெல்மிராவைத் திட்டினேன். பிறகு என்னை.

மாத்திரையில் கரையாதா என்று கேட்டேன். கல் சின்னதாக இருந்தால் சிலருக்குக் கரையும், அதுவும் மாதக்கணக்கில், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும் என்றாள். சாப்பாட்டை ஒடுக்கினால் வலி குறையும், கல் போகாது. பித்தப்பையையே எடுத்துவிடுவதுதான் தீர்வு. அக்கா பித்தப்பைப் புற்றில் போனாள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள். என் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"செப்டம்பர் இருபத்தெட்டு. அம்பது ஆகுது."

"ஆமா. கேக் கொண்டாந்து தரவா?"

"வெளையாடாதீங்க ராசாத்தி. நமக்கு நாள் ரொம்பக் கம்மி."

எனக்குச் சொல்லவே தேவையில்லை. முப்பத்தைந்திலிருந்து ஐம்பது ஆகும் வரை, கல் இருப்பது ஸ்கேனில் உறுதியாகித் தாளில் டாக்டர் கையெழுத்து விழுந்துவிட்டால், தொண்ணூறு நாளுக்குள் அரசாங்கம் அறுத்தே தீர வேண்டும். சட்டம். அது புற்றாகிவிடாமல் இருக்கத்தான் இந்தச் சட்டமே. ஐம்பது ஆன மறுநாள் போனால் பொதுப் பட்டியல். நோல்ஃபா அக்கா டாக்டரிடம் போனதே ஐம்பது வயது மூன்று மாதத்தில். பொதுப் பட்டியலில் நின்றாள். நின்றுகொண்டிருக்கும்போதே கொள்ளை நோய் வந்து எல்லா அறுவை சிகிச்சையும் நின்றுபோனது. பட்டியல் நகர்ந்தபோது அவள் கண் மஞ்சளாகியிருந்தது. அப்போது உள்ளே இருந்தது கல் மட்டுமில்லை.

ஸ்கேன் தேதி: செப்டம்பர் 4. முந்தின இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது.

மூன்று மாதம். அக்கா மூன்று மாதத்தில் தவறவிட்டாள். நான் விட மாட்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஹெரிபெர்தோவிடம் அறுவை சிகிச்சை என்றேன். மர ஆலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன் ஒற்றைக் கால் பூட்ஸோடு அப்படியே நின்றான்.

"வேணாம்."

"ஏன்?"

"நோல்ஃபாவத் தொறந்தாங்க. நாப்பது நாள்ல போயிட்டா. கத்தி பட்டு, காத்துப் பட்டாத்தான் அது ஒடம்பு பூராப் பரவுது. ஊருக்கே தெரியும்."

"அவள லேட்டாத் தொறந்தாங்க."

"தொறந்தாங்கல்ல?"

இந்த மனிதனோடு வாதம் பண்ணுவதும் ஈர விறகை ஊதுவதும் ஒன்று. தேநீரை ஊற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குக் கோபம் இல்லை, பயம். தெரிந்தும் எனக்கு எரிச்சலாக வருகிறது. எனக்கும்தான் பயம். என் பயத்தை யார் பார்த்துக்கொள்வது?

ஆகஸ்ட் 24

பதினொரு நாளாகப் பெரிய வலி இல்லை. கண்டுபிடித்தவை: முட்டை மஞ்சள் ஆகாது. வெண்ணெய் ஆகாது. ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டால் உருளைக்கிழங்கு கூட ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை என்றால் தாங்குகிறது. தோல் நீக்கின கோழி, வேகவைத்த கிழங்கு, வாட்டின ரொட்டி. பொரிக்கிற புகையை மோந்தாலே ஓங்கரிக்கிறது, அதனால் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு பொரிக்கிறேன். "என்னம்மா, உன் பலகாரத்த நீயே மோக்க மாட்டேங்கற" என்று பேருந்து ஓட்டுநர்கள் கிண்டல்.

தினமும் காலையில் கண்ணாடியில் கண் வெள்ளையைப் பார்க்கிறேன். வெள்ளை.

செப்டம்பர் 1

இன்று இல்லை. நேற்றும் இல்லை. கல்லே இல்லையோ? இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, இருக்கக் கூடாது என்றா? எதற்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது?

செப்டம்பர் 4, திங்கள்

மடச்சி. மடச்சி. மடச்சி.

விடியக்காலம் வலி லேசாகத் தலை காட்டியது. கை தானாக வேலிக்குப் போனது, தானாக இலை பறித்தது, தானாகக் கொதிக்க வைத்தது. சர்க்கரை இரண்டு கரண்டி. குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு இருக்கிறேன் என்ற நினைப்பிலேயே ஸ்கேன் அறைக்குப் போய்ப் படுத்தேன்.

ஸ்கேன் எடுக்கிற பெண் வயிற்றில் கருவியை வைத்து அழுத்தி அழுத்தித் தேடினாள்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒன்னுமில்ல."

"குடிச்சீங்களா?"

"இல்ல. போல்தோ மட்டும்."

"மட்டுமா?"

அவள் கருவியைக் கீழே வைத்தாள். வெறும் வயிற்றில்தான் பித்தப்பை விரிந்து நிற்குமாம். பித்தத்தை இறக்கிவிடுவதுதானே அந்த இலையின் வேலை. பை சுருங்கிக் கிடக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஊகித்து எழுத முடியாது என்றாள். "வாரத்துக்கு நாலு பேரு இதே மாதிரி. எத்தனை தடவ சொன்னாலும் போல்தோவ யாரும் குடிக்கறதுல சேக்க மாட்டேங்கறீங்க."

சேர்க்க மாட்டோம். உண்மைதான். தண்ணீர் என்றால் தண்ணீர், தேநீர் என்றால் தேநீர். போல்தோ போல்தோதான். அம்மா அப்படித்தான் வளர்த்தாள்.

அடுத்த தேதி அக்டோபர் 17. எனக்கு ஐம்பது ஆகிப் பத்தொன்பது நாள் தாண்டி. அட நாசமாப் போனவளே, உன் கையால நீயே கெடுத்துக்கிட்டியே. அக்காவுக்காவது தெரியாது. உனக்குத் தெரியுமே. ஒரு டம்ளர் எலத் தண்ணிக்கு—

எழுத முடியவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

அழுதது போதும். காலை ஏழு மணிக்கு ஸ்கேன் வாசலில் போய் நின்றேன். டோக்கன் கொடுக்கும் தோன் அனிசெத்தோ எழுந்து வணக்கம் சொன்னார். நல்ல மனிதர், ஆனால் பட்டியலை விட்டு ஒரு எழுத்து நகர மாட்டார்.

"உங்க தேதி அக்டோபர்மா."

"தெரியும்யா. யாராவது வரலேன்னா?"

"எட்டரைக்குள்ள வரலேன்னா அந்த எடம் காலி. வெறும் வயித்தோட வாசல்ல யாரு இருக்காங்களோ அவங்களுக்கு."

"நான் இருக்கேன்."

அவர் நாற்காலியைக் காட்டினார். பட்டியலில் இருந்த எட்டு பேரில் எட்டு பேரும் வந்தார்கள்.

செப்டம்பர் 6

எட்டு பேர்.

செப்டம்பர் 7

எட்டு பேர். மலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கிழவர் முதல் பேருந்துக்காக இருட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். எந்த முகத்தோடு அவர் வரக் கூடாது என்று வேண்டுவது.

பத்து மணி வரை டெல்மிராதான் என் வண்டியில் பொரிக்கிறாள். பதினேழு சோப்புக்குப் பிராயச்சித்தமாம். சொபைபியாவில் பாதி கருகல். யாரும் என்னிடம் புகார் சொல்லவில்லை, அவள் வாய்க்குப் பயந்து.

செப்டம்பர் 8, வெள்ளி

ஒருவர் வரவில்லை! எட்டு இருபத்தெட்டுக்கு எழுந்து நின்றுவிட்டேன். அப்போது அவசரப் பிரிவிலிருந்து ஒரு கர்ப்பிணியைக் கொண்டு வந்தார்கள். ரத்தப் போக்கு. அவளைத்தான் எடுக்க வேண்டும், யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. ஆனாலும் ஒரு கணம் அவள் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். என்னைப் பற்றி நல்லதை மட்டும் எழுத இது கல்லறைக் கல் இல்லை.

செப்டம்பர் 13, புதன்

எட்டு. எட்டு. எட்டு. இன்னும் பதினைந்து நாள். டாக்டர் யுஸ்மாரி தெமுகோவில் வேறு எங்கெங்கோ கேட்டுப் பார்த்தாளாம், எங்குமே அக்டோபர்தான். "வாசல விட்டுடாதீங்க ராசாத்தி" என்றாள்.

செப்டம்பர் 15, வெள்ளி

இன்று மூளை வேலை செய்தது.

சுகாதார நிலையம் முழுக்கக் கொடி, காகிதத் தோரணம். திங்கள், செவ்வாய் நாட்டு விழா விடுமுறை. தோன் அனிசெத்தோ 20ஆம் தேதிப் பட்டியலைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தார். முதல் பெயர் கசாப்புக் கடை எவரிஸ்தோ. பதினெட்டும் பத்தொன்பதும் இறைச்சி சுடும் நெருப்பை விட்டு நகராத எவரிஸ்தோ, 19ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு வாயை மூடப் போகிறாராம்! இரண்டாவது பெயர் மைதானத்தில் சாராயப் பந்தல் போடுகிறவர். சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அந்த இரண்டு நாள் இந்த நாட்டில் யாருடைய வயிறும் காலியாக இருக்காது. நான் ஒருத்தி தவிர.

செப்டம்பர் 18, திங்கள்

மைதானத்தில் காலையிலிருந்து பொரிக்கிறேன். மூக்கில் துணி. சுற்றிலும் ஆட்டிறைச்சி சுடும் புகை, கறி அடைத்த எம்பனாடா, ஒயின். என் பையில் வேகவைத்த கிழங்கு மூன்று.

மதியம் ஹெரிபெர்தோ தட்டோடு வந்தான். எல்லார் முன்னாலும் நீட்டினான். குடித்திருந்தான்.

"ஒரு எம்பனாடா தின்னா செத்தா போயிடுவ?"

"நோல்ஃபா போனாள்ல."

சொல்லியிருக்கக் கூடாது. அவனுடைய கூட்டாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் தட்டை என் வண்டியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த எம்பனாடா மாலை வரை அங்கேயே இருந்தது. கடைசியில் டெல்மிரா தின்றாள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

காலையில் அடுப்படியில் சத்தம். ஹெரிபெர்தோ கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தான். தோல் உரிக்கத் தெரியாமல் பாதிக் கிழங்கு தோலோடு போயிருந்தது.

"உப்பு போடலாமா கூடாதா?" என்றான், என்னைப் பார்க்காமல்.

"போடலாம்."

அவ்வளவுதான் பேச்சு. அவனும் அதையேதான் தின்றான். பத்தொன்பதாம் தேதியில்! மாலை ஏழரைக்குக் கடைசி வாய். எட்டு மணிக்கு அவனே போய் வேலியோரம் இருந்த போல்தோ மரத்தைக் குறுக்கே ஒரு கயிறு கட்டி மறித்துவிட்டு வந்தான். கிறுக்கன்.

செப்டம்பர் 20, புதன்

ஏழு மணி. வாசலில் நானும் தோன் அனிசெத்தோவும் மட்டும். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழரை: யாரும் இல்லை. எட்டு: ஒரு பெரியவர் வந்தார், மீசையில் எம்பனாடாப் பொடி. "காலையில மிச்சம் இருந்தத வீணாக்க மனசு வரல" என்றார். திருப்பி அனுப்பினார்கள். எட்டு இருபதுக்கு ஒரு அம்மா ஒழுங்காக வந்தாள். எட்டரை. தோன் அனிசெத்தோ கடிகாரத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், எவரிஸ்தோ பெயரின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். அந்த மனிதரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன்.

அதே பெண்தான். "போல்தோ அம்மாவா?" என்றாள்.

"இன்னிக்கு எச்சில் கூட முழுங்கலம்மா."

கருவியை வைத்தாள். உடனே நிறுத்தினாள். திரையை என் பக்கம் திருப்பினாள். கறுப்புப் பை, உள்ளே வெள்ளையாகச் சின்னச் சின்னதாக நிறைய, நடுவில் ஒன்று முட்டை போல. "மூணு சென்டிமீட்டருக்கு மேல இருக்கு. இத வச்சுக்கிட்டா பொரிச்சுக்கிட்டிருந்தீங்க?"

கல் இருக்கிறது என்று கேட்டு ஆனந்தப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காதுக்குள் கண்ணீர் வழிந்தது.

தாளோடு ஓடினால், டாக்டர் யுஸ்மாரி விடுப்பு, திங்கள்தான் வருவாளாம். வேறு டாக்டரும் இல்லை. போகட்டும். திங்கள் 25. மூன்று நாள் மிச்சம் இருக்கிறது.

செப்டம்பர் 25, திங்கள்

அவள் கையெழுத்து, என் கையெழுத்து, தேதி, நேரம். 9.40. நகலை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். டிசம்பர் 24க்குள் அறுத்தாக வேண்டும்.

செப்டம்பர் 28

ஐம்பது. கேக்கில் க்ரீம் ஆகாது. சுட்ட ஆப்பிளில் மெழுகுவர்த்தி குத்தினான் ஹெரிபெர்தோ. பிள்ளைகள் சந்தியாகோவிலிருந்து போனில் பாடினார்கள்.

அக்டோபர் 13

17ஆம் தேதி என் பெயரில் இருந்த ஸ்கேன் முறையை ரத்து செய்துவிட்டு வந்தேன். வாசலில் ஒருத்தி வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்கவில்லை.

நவம்பர் 6, திங்கள்

இரண்டு மணி நேரம். இந்த முறை காரணமே தெரியவில்லை, குழம்புச் சோறுதான் தின்றேன். டாக்டர் சொன்னபடி செய்தேன்: எழுதிக் கொடுத்த மாத்திரை, வேறு எதுவும் வாயில் இல்லை, காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே அவசரப் பிரிவு. ஹெரிபெர்தோ அரை மணிக்கொரு தரம் என் இமையை இழுத்துப் பார்த்தான். "கண்ணப் பிடுங்கிடாத" என்றேன். காய்ச்சல் இல்லை. மஞ்சள் இல்லை. விட்டது.

நவம்பர் 29

தெமுகோவிலிருந்து போன். டிசம்பர் 12, செவ்வாய்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஹெரிபெர்தோ கேட்டான், எவ்வளவு நீளத்துக்குக் கிழிப்பார்கள் என்று. கிழிக்க மாட்டார்கள், நாலு சின்னத் துளைதான் என்றேன்.

"ஒன்னு இல்ல, நாலா?"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. காற்றுப் பட்டால் பரவும் என்பதை அவன் இப்போது சொல்வதில்லை, ஆனால் நினைக்கிறான். நினைக்கட்டும். நினைத்துக்கொண்டே கூட வரட்டும். எனக்கும் பயமாக இருக்கிறது. மயக்கம் தெளியாமல் போய்விட்டால்? திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள் என்றால்? அக்காவை அப்படித்தான் மூடினார்கள்.

இருந்தாலும் போவேன்.

டிசம்பர் 14, வியாழன்

வீட்டில். வயிற்றில் நாலு ஒட்டு. அறுத்த இடத்தைவிடத் தோள் வலிக்கிறது. வயிற்றை உப்ப வைக்க உள்ளே அடைத்த வாயுவாம், நடந்தால் போகும் என்றார்கள். அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி என்று நடக்கிறேன். கல்லைக் காட்டச் சொன்னேன். பையோடு பரிசோதனைக்கு அனுப்பியாகிவிட்டது, நம் பக்கத்தில் எல்லாருடையதையும் அனுப்புவோம் என்றார்கள்.

டெல்மிரா சூப் கொண்டு வந்தாள். அவளும் ஸ்கேனுக்குப் பேர் கொடுத்திருக்கிறாளாம். எவ்வளவு வயது என்று கேட்டேன். "முப்பத்தெட்டு. ஏன், பாத்தா தெரியலயா?" என்றாள். தெரியவில்லை. சொல்லவில்லை.

2024

ஜனவரி 18, வியாழன்

ஹெரிபெர்தோ ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட வந்தான். டாக்டர் யுஸ்மாரி தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்துதான் இருந்தோம்.

"பையோட உள்தோல்ல ஒரு எடத்துல மாற ஆரம்பிச்சிருந்துச்சு. நகத்தளவு. உள்ள எறங்கல. வெளிய போகல. பைய எடுத்தப்ப அதோடயே வந்துடுச்சு."

"அதுதானா அது? அக்காவுக்கு வந்தது?"

"அதா ஆகப் போனது. ஆகல."

இனி மருந்து வேண்டாம். வருஷா வருஷம் வந்து காட்டினால் போதும். அவள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் அக்காவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஒரு காலத்தில் நகத்தளவுதான் இருந்திருக்கும். அப்போது அவளை யார் எந்த வாசலில் உட்கார வைத்தார்கள்? நானே உட்கார வைக்கவில்லையே. வாய்விட்டு அழுதேன். டாக்டர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது தோன் அனிசெத்தோவைப் பார்த்து நின்றேன். பொதுப் பட்டியலில் பித்தப்பைக்கு இப்போது யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியில் பார்த்தார்.

"ரெண்டாயிரத்து இருபத்தொன்னு மார்ச்சுல பேர் குடுத்தவங்கள."

நான் விரல் விட்டு எண்ணினேன். அக்டோபரில் பெயர் கொடுத்திருந்தால் என் முறை 2026 நடுவில் வந்திருக்கும். ஹெரிபெர்தோவும் எண்ணியிருக்க வேண்டும். என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அதில் ஒரு குடையும் அந்தத் தாளும் தவிர ஒன்றுமே இல்லை. பேருந்து நிலையம் வரை கேட்டுப் பார்த்தேன், தரவே இல்லை.